‘தமிழ்’ என்று தட்டினால் உள்ளே என்ன கிடக்கிறது? இரும எண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த புத்தகக் கோப்புகளை, உலக மொழிகளுக்குப் பொதுவான எழுத்துப் பட்டியலான யூனிகோடுக்கு மாற்றித் தருவது என் பிழைப்பு. கோப்பைக் கொண்டுவருபவர்கள் வேலை முடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ‘ஏன் தம்பி கட்டம் கட்டமா வருது’ என்று ஆரம்பித்து, ‘கம்ப்யூட்டருக்கு நெசமாவே ஒண்ணும் சைபரும் மட்டுந்தான் தெரியுமா’ என்பதில் வந்து நிற்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்துவிட்டேன். அடுத்து வருபவர் டீ ஆறுவதற்குள் படித்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டருக்குள் உண்மையிலேயே 0, 1 என்று எழுதியிருக்கிறதா?

இல்லை. எந்தச் சில்லைப் பிரித்துப் பார்த்தாலும் ஒரு சைபர்கூடக் கண்ணில் படாது. நினைவகத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் இருக்கும், அல்லது இருக்காது. ஹார்ட் டிஸ்கில் அதே வேலையைக் காந்தத் திசை செய்கிறது. இரண்டில் ஒரு நிலைக்கு 1 என்றும் மற்றதற்கு 0 என்றும் பெயர் வைத்தது நாம்தான். அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கு பிட் என்று பெயர். 1948-ல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தச் சொல் வருகிறது. சொல்லைச் சொன்னவர் ஜான் டூக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டுவிடுகிறார். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

நமக்குப் பழகிய பத்தையே வைத்துக்கொண்டிருக்கலாமே?

வைத்துப் பார்த்தார்கள். 1946-ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற கணினி பத்து இலக்க முறையில்தான் கணக்குப் போட்டது. சிக்கல் என்னவென்றால், மின்சாரம் ஒரு நிலையில் நிற்காது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் திண்ணை பல்பு மங்கும். அப்போதும் அது எரிகிறதா இல்லையா என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடலாம். பத்தில் ஆறு பங்கு எரிகிறதா, ஏழு பங்கா என்று கேட்டால் பக்கத்தில் நின்றாலும் சொல்ல முடியாது. இரண்டே நிலை என்றால் தவறுவது அரிது, செய்வதும் மலிவு.

ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸ் 1703-லேயே 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும எண் கணிதத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டுவிட்டார். ஆனால் சுவிட்சுகளை இணைத்தால் அந்தக் கணிதத்தையும் தர்க்கத்தையும் செய்ய வைக்கலாம் என்று ஷானன் காட்டியது 1937-ல், தன் முதுகலை ஆய்வேட்டில்.

ஒரு விதிவிலக்கு உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கலாம். இன்றைய பல போன்களின் சேமிப்புச் சில்லில் ஒரே அறையில் எட்டு வேறுபட்ட அளவுகளில் மின்னூட்டத்தை வைத்து மூன்று பிட்டைத் திணிக்கிறார்கள். அதைப் பிழையில்லாமல் படித்தெடுக்கத் தனியாகவே ஒரு திருத்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓர் எண்ணை எப்படி 0, 1 ஆக எழுதுவது?

மளிகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். எடைக்கல் 1, 2, 4, 8, 16, 32, 64, 128. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கல்தான். 247 வேண்டும். பெரிய கல்லிலிருந்து தொடங்குவோம். 128 வைத்தாயிற்று, மீதி 119. அடுத்து 64, மீதி 55. பிறகு 32, மீதி 23. அதன்பின் 16, மீதி 7. எட்டாம் கல் கூடிவிடும், வேண்டாம். 4, 2, 1 மூன்றையும் வைத்தால் கணக்கு தீர்ந்தது. வைத்த கல்லுக்கு 1, விட்ட கல்லுக்கு 0 என்று பெரியதிலிருந்து எழுதினால் 11110111.

247 என்பது தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை என்பதையும் அது எட்டு பிட்டுக்குள் அடங்கிவிட்டது என்பதையும் கவனித்து வையுங்கள். கீழே ஒரு வயிற்றெரிச்சல் கதைக்கு அது தேவைப்படும்.

கழித்தல் குறி போட்ட எண்?

பழைய ஸ்கூட்டர் மீட்டர் 00000-இல் நிற்கிறது. ஒரு கிலோமீட்டர் பின்னால் சுற்றினால் 99999 வரும். அதே தந்திரம்தான். 00000000-இலிருந்து ஒன்று பின்னால் போனால் 11111111. அதையே −1 என்று வைத்துக்கொள்கிறோம். இதில் என்ன லாபம் என்றால், கழிப்பதற்கென்று தனிச் சுற்று வேண்டியதில்லை. 5-உடன் −1-ஐக் கூட்டிப் பாருங்கள்: 00000101 + 11111111 = 100000100. ஒன்பதாவது பிட்டுக்கு இடமில்லை, விழுந்துவிடும். மிஞ்சுவது 00000100, அதாவது 4. இப்படி எட்டு பிட்டில் −128 முதல் 127 வரை எழுதலாம்.

இடம் போதாவிட்டால் என்ன ஆகும்?

கெட்டது நடக்கும். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துபோனது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் அளவை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றும் வரி ஒன்று மென்பொருளில் இருந்தது. 16 பிட்டில் உச்சம் 32767. பழைய ஏரியான் 4 அந்த அளவைத் தாண்டியதே இல்லை. புதியது வேகமானது, தாண்டிவிட்டது.

அடுத்த தவணைக்கு நாளும் நேரமும் குறித்தாகிவிட்டது. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை 32 பிட்டில் எண்ணிவரும் பழைய கணினிகளில் 2147483647-க்கு மேல் இடமில்லை. அந்த விநாடி 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த நொடி மீட்டர் சுற்றி 1901-க்குப் போய்விடும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்குக் கவலையில்லை. சுவருக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் புதைந்து கிடக்கும் பழைய பெட்டிகளுக்குத்தான் ஆபத்து.

பின்னங்களை எப்படி வைக்கிறது? 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்கிறதே!

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தமிழருக்கு விடை சுலபமாக விளங்கும். நம் பழைய வாய்பாட்டிலேயே பாதி இருக்கிறது.

அரை, கால், அரைக்கால், வீசம். ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி: 1/2, 1/4, 1/8, 1/16. அதற்கும் கீழே அரைவீசம், 1/32. கணினி பின்னம் வைப்பது இந்த வரிசையில்தான். புள்ளிக்கு அப்புறம் முதல் பிட் அரை, இரண்டாவது கால், மூன்றாவது அரைக்கால் என்று பாதி பாதியாக இறங்கும். முக்கால் என்றால் அரையும் காலும், ஆகவே 0.11. சுத்தமாக முடிந்துவிடும்.

இப்போது பத்தில் ஒன்று கேளுங்கள். பழைய கணக்கில் அதற்கு இருமா என்று பெயர், 1/20-ஆன மாவில் இரண்டு. மாவும் 1/80-ஆன காணியும் வகுக்கும் எண்ணில் ஐந்து கலந்த குடும்பம்; பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் அங்கே போய்ச் சேர முடியாது. முயன்று பாருங்கள். வீசம் வைத்தால் 0.0625. அரைவீசம் சேர்த்தால் 0.09375. அடுத்த இரண்டு கல்லும் கூடுதல், விட்டுவிட்டு 1/256 வைத்தால் 0.09765625. 1/512-உம் சேர்த்தால் 0.099609375. மறுபடி இரண்டு கல்லை விட வேண்டும், இரண்டு கல்லை வைக்க வேண்டும். இப்படியே முடிவில்லாமல் போகும். கணினி ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. வெட்டிய மிச்சம்தான் அந்தக் கடைசி 4.

(மாவையும் காணியையும் கூட்டினால் 1/20 + 1/80 = 5/80 = 1/16. மாகாணி என்ற பெயரே அந்தக் கூட்டல்தான், அதுதான் வீசமும். பிடிவாதமான இரண்டு பின்னங்கள் சேர்ந்தால் கணினிக்குப் பிடித்த ஒன்று. கணக்குப்பிள்ளை குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, ‘அந்தக் காலத்துல இதுக்கு அடி வாங்கியிருக்கேன் தம்பி, இப்பதான் பலன் தெரியுது’ என்றார்.)

வேடிக்கை இல்லாத இடமும் உண்டு. 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் டஹ்ரான். அங்கே நிறுத்தியிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி, அதை 24 பிட்டுக்கு வெட்டிய 0.1-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வந்த ஏவுகணையை வானில் தவறான இடத்தில் தேடிக் கோட்டைவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

பணக் கணக்குக்கு மென்பொருள் எழுதுபவர்களுக்கு: ரூபாயில் பின்னமாக வைக்காதீர்கள், பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். கணினிக்கு ‘அ’ தெரியுமா?

தெரியாது. எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று மனிதர்கள் உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். ஆங்கிலத்துக்கு 1963-ல் வந்த ஆஸ்கி அப்படிப்பட்ட பட்டியல்: ஏழு பிட், 128 இடம். பெரிய ‘ஏ’ 65, சின்ன ‘ஏ’ 97. இரண்டுக்கும் வித்தியாசம் 32, அதாவது ஒரே ஒரு பிட்.

அந்தப் பட்டியலில் இலக்கங்களுக்கும் இடம் உண்டு. எண்ணாகிய 5 என்பது 00000101. விசைப்பலகையில் அடிக்கும் ‘5’ என்ற எழுத்து 53, அதாவது 00110101. கண்ணுக்கு ஒன்று, உள்ளே இரண்டு.

அதனால் எனக்கென்ன நஷ்டம்?

எனக்கு ஒருமுறை ஒரு ராத்திரித் தூக்கம் போனது. ஒரு சங்கத்துக்காக உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்களை எக்செல் போன்ற ஒரு விரிதாளில் அடித்துக் கொடுத்தேன். கட்டங்களை ‘எழுத்து’ என்று மாற்றி வைக்க மறந்துவிட்டேன். சைபரில் தொடங்கிய எண்களின் தலை போயிற்று. அதுகூடப் பரவாயில்லை, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. 16 இலக்க எண்களில் கடைசி இலக்கம் எல்லாமே 0 ஆகியிருந்தது. விரிதாள் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைக்கும். பட்டியலைச் சரிபார்த்த அக்கா ஒருவர், ‘அதெப்படி எல்லாருக்கும் சைபர்ல முடியுது?’ என்று கேட்டதால் பிழைத்தேன்.

கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை, எழுத்து. தொலைபேசி, ஆதார், கணக்கு எண் எல்லாம் இதில் சேர்த்தி.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஏன் ஆங்கில எழுத்தாக வருகிறது?

இதுதான் அந்த வயிற்றெரிச்சல் கதை. ஒரு பைட்டில் 256 இடம். நம் 247-உம் தாராளமாக அடங்கும். ஆனால் முதல் 128 இடத்தில் ஆங்கிலம் ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டது. மிச்சம் 128. எனவே தமிழை உடைத்தார்கள்: துணைக்கால் தனி, ஒற்றைக்கொம்பு தனி, ‘கு’ ‘கூ’ போன்றவை முழுசாக. யார் எதை எங்கே வைப்பது என்பது அவரவர் இஷ்டம். ஆளுக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு பட்டியல்.

சிலர் ஆங்கில இடத்தையே எடுத்துக்கொண்டார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் பரவிய பாமினி அப்படிப்பட்டது. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும்போது, கோப்புக்குள் கிடப்பது 106, 107, 112, 111, 59. ஆங்கிலத்தில் படித்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு ‘ஜே’ வரும் இடத்தில் ‘த’-வின் படத்தைக் காட்டியது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். கோப்பு கெடவில்லை, எந்தப் பட்டியல் என்று தெரிந்தால் மீட்டுவிடலாம்.

இந்தக் குழப்பத்தை ஒழிக்க இணையத்தில் தன்னார்வலர்கள் திஸ்கி என்ற குறியேற்றத்தை, அதாவது எல்லாரும் பின்பற்ற ஒரே பட்டியலை, உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற வேறு இரண்டு பட்டியல்களும் வந்தன. அந்தக் கோப்புகள் இன்றும் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

யூனிகோடில் தமிழ் எப்படி இருக்கிறது?

1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம் ஒதுக்கினார்கள். அ 2949, க 2965, புள்ளி 3021. உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது. மெய்க்கும் கிடையாது. ‘கி’ என்றால் க, பிறகு இகரக் குறி. ‘க்’ என்றால் க, பிறகு புள்ளி.

‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரித்துக் காட்டுகிறேன்: த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021. நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. இது தெரியாமல் எழுதிய நிரலிடம் சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் முதலில் அநாதையாக ஒரு புள்ளி வரும், இகரம் ‘ம’-வை விட்டு ‘ழ’-வில் ஏறிக்கொள்ளும், ‘ழிமத’ என்று நிற்கும்.

அகரவரிசை ஏன் தப்பாக வருகிறது?

இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி வரிசையை யூனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டதால். க 2965, ங 2969. நடுவில் மூன்று காலி நாற்காலி. வடமொழியின் மற்ற மூன்று ககரங்கள் உட்கார வேண்டிய இடம் அது. நாம் கடைசியில் வைக்கும் ‘ன’ அங்கே ‘ந’-வுக்கு அடுத்து 2985-இல் இருக்கிறது. ‘ய ர ல வ ழ ள ற ன’ என்பது அங்கே ‘ய ர ற ல ள ழ வ’. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், பெயர்ப் பட்டியலில் றகரத்தை லகரத்துக்கு முன்னால் போட்டுவிடும். தமிழ் அகரவரிசையைத் தனியாகச் சொல்லிக்கொடுத்த நிரலில் அடுக்கினால் சரியாக வரும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 என்ற மாற்றும் உண்டு. 2010-ல் தமிழ்நாடு அரசு அதையும் யூனிகோடையும் சேர்த்தே தரமாக அறிவித்தது. இலக்கணப்படி டேஸ்தான் அழகு. ஆனால் எல்லாப் போனிலும் யூனிகோடுதான் வருகிறது என்ற இடத்தில் அந்தச் சண்டை முடிந்துவிட்டது என்பது என் கட்சி.

2965 என்பது ஒரு பைட்டில் அடங்காதே?

அடங்காது. மூன்றில் அடங்கும். 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சன், ராப் பைக் என்ற இரண்டு கணினி வல்லுநர்கள் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஓர் உணவுவிடுதியில், மேசையில் விரித்திருந்த தாளில், யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக நறுக்கி வைக்கும் யூடிஎஃப்-8 முறையை வரைந்தார்கள். 2965 இருமத்தில் 101110010101. அதைப் பதினாறு பிட்டாக்கி 0000, 101110, 010101 என்று மூன்றாக நறுக்குங்கள். முதல் துண்டுக்கு முன்னால் 1110. ‘என்னையும் சேர்த்து மூன்று பேர் வருகிறோம்’ என்று அர்த்தம். மற்ற இரண்டுக்கு முன்னால் 10, ‘நான் தொடர்ச்சி’. கிடைப்பது 11100000 10101110 10010101, அதாவது 224, 174, 149.

ஆங்கில எழுத்து பழைய ஒரே பைட்டில் அப்படியே இருக்கும். ‘தமிழ்’ 15 பைட். அநியாயம்தான், ஆனால் இன்றைய சேமிப்பு விலையில் அதற்காக அழ வேண்டியதில்லை.

குறுஞ்செய்தியில் மட்டும் உறைக்கும். அங்கே ஒரு செய்திக்கு 1120 பிட். ஆங்கிலத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் மொத்தமும் 16 பிட்டுக்கு மாறும், 70 இடம்தான். ‘வணக்கம்’ மட்டுமே அதில் ஏழைத் தின்றுவிடும்.

மின்னஞ்சலில் தமிழுக்குப் பதில், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட குறியாக வரிசை கட்டி நிற்கிறதே?

மேலே வந்த 224, 174 நினைவிருக்கிறதா? மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய பைட்டுகளை, பழைய ஐரோப்பியப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டது அந்த நிரல். அதில் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’. 174 என்பது வணிகப் பெயர்களுக்குப் பக்கத்தில் போடும் அந்த வட்ட ‘ஆர்’. தமிழ் எழுத்து எதுவானாலும் 224-இல்தான் தொடங்கும், அடுத்து பெரும்பாலும் 174, குறிகள் சிலவற்றுக்கு 175. அதனால்தான் அந்த ஜோடி அணிவகுக்கிறது. குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றித் திறங்கள், தமிழ் திரும்பிவிடும். அந்தக் குப்பையையே திருத்திச் சேமித்துவிட்டால்தான் கஷ்டம்.

கட்டம் கட்டமாக வந்தால்?

அது வேறு வியாதி, லேசானது. எண் சரியாக இருக்கிறது. வரைந்து காட்ட அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. நிறுவினால் போதும்.

கோப்பில் கண்ணெதிரே இருக்கும் சொல், தேடினால் கிடைக்கவில்லை. ஏன்?

‘கொ’ என்பதை இரண்டு விதமாக வைக்கலாம். க-வுடன் ஒகரக் குறி 3018. அல்லது க-வுடன் கொம்பு 3014, துணைக்கால் 3006. திரையில் இரண்டும் ஒன்றே. நல்ல நிரல் இரண்டையும் சமமாக்கிவிட்டுத் தேடும், எல்லா நிரலும் நல்லதல்ல.

இதைவிடக் கொடுமை ‘கௌரவம்’. பாதிப் பேர் ஔகாரக் குறியைத் தேடிச் சலித்து, ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள்: ‘கெளரவம்’. கண் ஏமாறும், எண் ஏமாறாது. இதை எந்த நிரலும் சமமாக்காது, ஏனென்றால் இது வேறு சொல். நான் மாற்றிக் கொடுக்கும் ஒவ்வொரு கோப்பிலும் கடைசியாகச் செய்யும் வேலை இந்த ‘ள’-க்களைப் பிடிப்பதுதான்.

௧, ௨, ௩ என்ற தமிழ் எண்களில் கணக்குப் போடலாமா?

எழுதலாம். ௧ 3047-இல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான விரிதாள்கள் அதை எழுத்தாகத்தான் பார்க்கும், கூட்டாது. பழைய முறையில் சைபர் கிடையாது, ௰ ௱ ௲ என்று பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள். தமிழ்ச் சைபருக்கு 2005-ல்தான் யூனிகோடில் இடம் கிடைத்தது. 2019-ல் பின்னக் குறிகளும் வந்துவிட்டன; முந்திரி, அதாவது 1/320, இப்போது 73664-ஆம் எண்ணில் இருக்கிறது. அதற்கு நான்கு பைட் வேண்டும். உங்கள் போனில் கட்டமாகத் தெரியலாம்.

என் பழைய கோப்பை மாற்ற என்ன கொண்டுவர வேண்டும்?

கோப்பு, எந்த எழுத்துருவில் அடித்தது என்ற விவரம், முடிந்தால் எழுத்துருக் கோப்பும், கூடவே அச்சான பழைய படி ஒன்று. படியை மறந்துவிட்டு வராதீர்கள். ‘ள’-வா ஔகாரமா என்ற சந்தேகம் வரும்போது நான் அதைத்தான் பார்ப்பேன்.